இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன்

சென்னையில் ஒரு மராத்திக் குடும்பம். தோல் வியாபாரம் தொழில். அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஏழு பேர் ஆண்கள். பெண் ஒருத்திதான். அவள் பெயர் சுனிதி.

அம்மை குத்துவதற்காக ஆண்டுதோறும் சுகாதார அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வருவார். அவரைப் பார்த்த சுனிதிக்குத் தானும் டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். இருதய அறுவை சிகிச்சை நிபுணரான விக்டர் சாலமனை மணந்தார். கணவருடன் சில ஆண்டுகள் வெளிநாடுகளில் இருந்தார். 1973-ல் தாயகம் திரும்பினார். படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் பேராசிரியை ஆனார்.

ஆறு குப்பிகள்

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் என்ற புதிய நோய் தெரியவந்தது. நம் நாட்டுக்கு அது வராது என்றே பலரும் எண்ணியிருந்தனர். சுனிதி அப்படி எண்ணவில்லை. சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். மாணவி நிர்மலாவிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்.

1986-ம் ஆண்டு. வறுமையால் விலைமாதர் ஆன பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். அதைப் பரிசோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. பனிக்கட்டியில் வைத்து, ரெயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதனை நடந்தது. ஆறு பேர் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது! அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் அதுவே முடிவு. மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். நாடு திடுக்கிட்டது.

நோயைவிடக் கொடியது

நோயாளியைத் தொடவே சில டாக்டர்கள் அஞ்சினர். வீட்டார் ஒதுக்கினர். சுனிதியின் கணவரும் முதலில் இந்த வேலை வேண்டாம் என்றார். அந்த நோயாளிகளின் கதையைக் கேட்டால் நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று சுனிதி பதில் சொன்னார்.

1993-ல் சர்க்கார் வேலையை விட்டார். தந்தை ஒய்.ஆர்.கெய்டொண்டே பெயரில் ஒரு நிலையம் தொடங்கினார். அங்கே சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு, ஆறுதல் வார்த்தையும் உண்டு. கிருமி உள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துத் திருமணமும் செய்துவைத்தார்!

இன்றைய நிலை

இந்தக் கிருமி தொடுவதால் பரவாது. சேர்ந்து உண்பதாலும் பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பிறர் போட்ட ஊசி ஆகியவற்றால் பரவும். தாயிடமிருந்து குழந்தைக்கும் வரலாம். கர்ப்பிணி தவறாமல் மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் குழந்தையைக் காத்துவிடலாம்.

2004-ல் மத்திய சர்க்கார் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. இப்போது புதுச்சேரி உள்பட நாடெங்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் அது கிடைக்கிறது. நாள்தோறும் மருந்து உண்பவர் மற்றவரைப்போல வேலை செய்து நெடுநாள் வாழலாம். நோயைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்குவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.

அந்தச் சட்டம் வந்ததைப் பார்க்கச் சுனிதி அம்மையார் இல்லை. 2015 ஜூலை 28-ந் தேதி சென்னையில் காலமானார். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.