கல்கின் கோல் கண்ட தளபதி

1957ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று தில்லி ராஜபாதையில் நடைபெற்ற குடியரசு நாள் விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர், சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் ஜார்ஜி ஜுக்கோவ். பெர்லினை வென்றவர் என்றே உலகம் அவரை அறியும். ஆயினும் அவர் புகழுக்கு வித்திட்ட போர் வேறொன்று. அதன் விளைவு கடல் கடந்து வாழ்ந்த நம் தமிழரையும் தீண்டியது. ஆதலின் அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஜுக்கோவ் 1896இல், கலூகா மாநிலத்தின் ஸ்திரெல்கோவ்கா என்னும் சிற்றூரில், ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே மாஸ்கோ சென்று, உரோமத் தோலாடை தைக்கும் தொழில் பயின்றார். 1915இல் ஜார் மன்னரின் படையில் சேர்க்கப்பட்டுக் குதிரை வீரரானார்; 1918இல் செஞ்சேனையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார்.

1939 மே மாதத்தில், மங்கோலியாவுக்கும் ஜப்பான் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்கும் இடையே இருந்த எல்லை வழக்கு கல்கின் கோல் ஆற்றருகே போராக மூண்டது. ஆறே எல்லை என்றது ஜப்பான். ஆற்றுக்குக் கிழக்கே உள்ளது எல்லை என்றது மங்கோலியா. மங்கோலியாவுக்குத் துணை நின்ற சோவியத் படைக்குத் தலைமை ஏற்க ஜூன் மாதம் ஜுக்கோவ் வந்தார். இருப்புப்பாதையோ 600 கிலோமீட்டருக்கும் அப்பால். உணவு, எரிபொருள், குண்டு அனைத்தையும் ஆயிரக்கணக்கான லாரிகளில் கொணர்வித்தார். தற்காப்பு அரண் அமைப்பது போன்ற ஓசைகளை எழுப்பிப் பகைவரை ஏமாற்றினார். ஆகஸ்டு 20 அன்று, ஏறத்தாழ 500 டாங்கிகளுடன் இருபுறமும் வளைத்துத் தாக்கி, அம்மாத இறுதிக்குள் ஜப்பானியரை முறியடித்தார். செப்டம்பர் நடுவில் போர் நின்றது. எனினும் சோவியத் தரப்பிலேயே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1941 ஏப்ரலில் இரு நாடுகளும் நடுநிலை உடன்படிக்கை செய்தன. வடக்கே கண்ட தோல்வியும் எண்ணெய் வேட்கையும் ஜப்பானைத் தெற்கே திருப்பிய காரணங்களுள் அடங்கும். அவ்வாண்டு டிசம்பரில் மலாயா தாக்கப்பட்டது. அங்குள்ள தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் மீளவில்லை.

அதே டிசம்பரில் ஜுக்கோவ் மாஸ்கோவின் வாயிலில் ஜெர்மானியரைப் பின்தள்ளினார். 1945 மே மாதம் பெர்லினில் அவர்தம் சரணாகதியை ஏற்றார். வென்றவருக்கு வாய்த்த பரிசு யாது? 1946இல் ஸ்டாலின் அவரை ஒதெஸ்ஸாவுக்கு ஒதுக்கினார். 1955இல் அமைச்சரானவர், தில்லி வந்து சென்ற அதே 1957ஆம் ஆண்டின் அக்டோபரில் குருச்சேவால் பதவி நீக்கப்பட்டார். 1974இல் மறைந்தார், அவர் சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டுள்ளது.

தளபதியின் திறமை போற்றத்தக்கதே. அவரைப் போற்றும் வேளையில், எங்கோ ஒரு புல்வெளியில் வகுக்கப்பட்ட எல்லையின் பொருட்டு மாண்ட வீரரையும், பெயர் பொறிக்கப்படாது சயாம் காட்டில் புதையுண்ட நம் உடன்பிறப்புகளையும் ஒருசேர நினைப்போமாக.