எய்ஜி சுபுராயா

எய்ஜி சுபுராயா (சூலை 7, 1901 – சனவரி 25, 1970) ஜப்பானைச் சேர்ந்த திரைப்பட ஒளிப்பதிவாளர், சிறப்புக் காட்சி இயக்குநர், தயாரிப்பாளர் ஆவார். 1954 ஆம் ஆண்டு வெளியான காட்சில்லா திரைப்படத்தின் சிறப்புக் காட்சிகளாலும், 1966 ஆம் ஆண்டு தொடங்கிய அல்ட்ராமேன் தொலைக்காட்சித் தொடராலும் இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். எனினும் இவரது திரைப்பணியின் ஒரு முக்கியப் பகுதி போர்க்கப்பல்கள், வானூர்திகள் ஆகியவற்றின் சிறு மாதிரிகளைக் கொண்டு கடற்போர்க் காட்சிகளை உருவாக்குவதில் கழிந்தது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற ஜப்பானிய வானூர்தி தாங்கிக் கப்பல்களை இவர் பல முறை மாதிரிகளாகத் திரையில் காட்டினார். முதல் முறை, போர்க்காலத்தில், அவற்றின் வெற்றியைக் காட்டுவதற்காக. பின்னர், போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவை மூழ்கியதைக் காட்டுவதற்காக.

இளமைக்காலம்

சுபுராயா ஜப்பானின் புகுஷிமா மாகாணத்திலுள்ள சுகாகவா என்னும் ஊரில் பிறந்தார். இவரது இயற்பெயர் எய்இச்சி என்பதாகும். இவருடைய குடும்பம், சாக்கே, மிசோ முதலியவற்றை நொதிக்கச் செய்யப் பயன்படும் கோஜியைத் தயாரித்து விற்று வந்தது. மூன்று வயதில் தாயை இழந்த இவரைப் பாட்டியும் உறவினரும் வளர்த்தனர்.

1910 திசம்பரில் டோக்கியோவின் யோயோகி திடலில் ஜப்பானின் முதல் வானூர்திப் பறப்புகள் நிகழ்ந்தன. இச்செய்தி சிறுவனான சுபுராயாவைப் பெரிதும் கவர்ந்தது. அன்று முதல் இவர் மாதிரி வானூர்திகளைச் செய்வதில் ஈடுபட்டார். வானோட்டியாக வேண்டும் என்ற ஆவலில் 1916 ஆம் ஆண்டு ஹனேடாவில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஜப்பான் பறத்தல் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் 1917 ஆம் ஆண்டு அப்பள்ளியின் பயிற்றுநர் செய்தாரோ தமாய் வானூர்தி விபத்தில் உயிரிழந்ததைத் தொடர்ந்து பள்ளி மூடப்பட்டது. பின்னர் இவர் டோக்கியோவின் கண்டா பகுதியிலிருந்த மின்பொறியியல் பள்ளியில் பயின்றார். படித்துக்கொண்டே ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனத்திற்குப் புதிய பொம்மைகளை வடிவமைத்துக் கொடுத்தார்.

திரைத்துறையில் நுழைவு

1919 ஆம் ஆண்டு செர்ரிப் பூக்களைக் காணச் சென்ற இடத்தில் யோஷிரோ எடமாசா என்னும் திரைப்படத் துறையாளரின் அறிமுகம் இவருக்குக் கிடைத்தது. அவரது அழைப்பை ஏற்று, ஒளிப்பதிவு உதவியாளராகத் திரைத்துறையில் நுழைந்தார். 1921 முதல் 1923 வரை கட்டாயப் படைப்பணியில் இருந்தார். பின்னர் கியோட்டோவிலிருந்த படப்பிடிப்பு நிலையங்களில் ஒளிப்பதிவாளராக உயர்ந்தார். 1930 ஆம் ஆண்டு மசானோ அராக்கி என்பவரை மணந்தார்.

1933 ஆம் ஆண்டு வெளியான கிங் காங் என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவரது வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. அப்படத்தின் பிரதியைப் பெற்று, ஒவ்வொரு படச்சட்டமாக ஆராய்ந்து, அதன் நுட்பங்களைத் தாமே அறிந்துகொண்டார். 1937 ஆம் ஆண்டு தோஹோ நிறுவனம் உருவானபோது, அதன் தயாரிப்பாளர் இவாவோ மோரி இவரை டோக்கியோவுக்கு அழைத்துச் சிறப்புக் காட்சிப் பணிகளை ஒப்படைத்தார்.

போர்க்காலப் படங்கள்

ஜப்பான் போரில் இறங்கியதும் இராணுவமும் கடற்படையும் திரைப்படங்களைத் தம் பரப்புரைக் கருவியாகப் பயன்படுத்தின. 1940 ஆம் ஆண்டு வெளியான கடற்படைக் குண்டுவீச்சுப் பிரிவு முதலான படங்களில் சுபுராயாவின் மாதிரி வானூர்திகள் இடம்பெற்றன.

1941 திசம்பர் 7 அன்று (ஹவாய் நேரப்படி) ஆறு ஜப்பானிய வானூர்தி தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட வானூர்திகள் முத்துத் துறைமுகத்தைத் தாக்கின. அகாகி, காகா, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுயிகாகு என்பன அக்கப்பல்கள் ஆகும். திசம்பர் 10 அன்று மலாயாவுக்கு அப்பால் பிரித்தானியாவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. இவ்விரு நிகழ்வுகளின் முதலாம் ஆண்டு நிறைவையொட்டி ஒரு திரைப்படம் எடுக்குமாறு கடற்படை கேட்டுக்கொண்டது. கஜிரோ யமமோட்டோ இயக்கிய ஹவாய் மலாயா கடற்போர் என்னும் அப்படத்தின் சிறப்புக் காட்சிகளைச் சுபுராயா ஏற்றார்.

படத்தைக் கேட்டது கடற்படையே என்றாலும், வானூர்தி தாங்கிக் கப்பல்கள் இராணுவ இரகசியம் எனக் கருதப்பட்டதால் அவற்றைப் பற்றிய விவரங்கள் படக்குழுவினருக்குத் தரப்படவில்லை. எனவே ஜப்பானியக் கப்பலைக் காட்ட வேண்டிய இடத்தில், முன்னரே அச்சில் வெளிவந்திருந்த அமெரிக்கக் கப்பல்களின் ஒளிப்படங்களைப் பார்த்து அரங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. முத்துத் துறைமுகம் முழுவதும் ஒரு பெரிய மாதிரி அரங்கமாகக் கட்டப்பட்டது. அதில் மாதிரிக் கப்பல்கள் நிறுத்தப்பட்டு, கம்பிகளில் தொங்கிய வானூர்திகள் அவற்றின் மேல் பறக்கவிடப்பட்டன.

படம் 1942 திசம்பர் 3 அன்று வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. கினேமா ஜும்போ இதழ் அதனை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, சூன் மாதம் நடந்த மிட்வே சமரில், முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு கப்பல்களில் அகாகி, காகா, சோரியு, ஹிரியு ஆகிய நான்கும் மூழ்கியிருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் அச்சமரில் உயிரிழந்தனர். ஒரு கப்பல் மூழ்கியது, மற்றொன்று சேதமடைந்தது என்று மட்டுமே அரசு மக்களுக்கு அறிவித்தது. காயமுற்றுத் திரும்பிய வீரர்கள் மருத்துவமனைகளில் பிறரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். எனவே திரையரங்குகளில் அக்கப்பல்களின் வெற்றியைக் கண்டு மகிழ்ந்த மக்களுக்கு, அவை ஏற்கனவே கடலடியில் கிடப்பது தெரிந்திருக்கவில்லை.

இப்படத்தின் தாக்குதல் காட்சிகள் உண்மையான போர்க்காட்சிகள் எனப் பிற்காலத்தில் பலரால் தவறாக எண்ணப்பட்டதும் உண்டு.

போருக்குப் பின்

1945 ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்தது. போர்க்காலப் பரப்புரைப் படங்களில் பணியாற்றியமைக்காக, நேச நாடுகளின் ஆட்சிக்காலத்தில் சுபுராயா பொதுப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டார். 1948 ஆம் ஆண்டு தோஹோவை விட்டு நீங்கிய இவர், தமது வீட்டிலேயே ஒரு சிறப்புக் காட்சி ஆய்வகத்தை நிறுவி, பிற நிறுவனங்களின் படங்களுக்குச் சிறு பணிகளைச் செய்துவந்தார். 1952 ஆம் ஆண்டு தடை நீங்கியது.

1953 ஆம் ஆண்டு தோஹோ தயாரித்த பசிபிக்கின் கழுகு என்னும் படத்தில் மீண்டும் கடற்போர்க் காட்சிகளை அமைத்தார். கடற்படைத் தளபதி இசொரோகு யமமோட்டோவின் வாழ்வைக் கூறும் இப்படத்தை இஷிரோ ஹொண்டா இயக்கினார். ஹவாய் மலாயா கடற்போர் படத்தின் பழைய காட்சிகள் சிலவும் இதில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஹொண்டாவும் சுபுராயாவும் தயாரிப்பாளர் தோமோயுகி தனாக்காவுடன் இணைந்து காட்சில்லா படத்தை உருவாக்கினர். 1954 நவம்பர் 3 அன்று வெளியான இப்படத்திற்காக டோக்கியோ நகரின் பகுதிகள் 25இல் 1 பங்கு அளவில் கட்டப்பட்டன.

பசிபிக்கின் புயல்

1960 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியான பசிபிக்கின் புயல் என்னும் வண்ணப்படம், முத்துத் துறைமுகத் தாக்குதலில் தொடங்கி மிட்வே தோல்வியில் முடிகிறது. இதனை ஷூவே மட்சுபாயாஷி இயக்கினார். ஹிரியு கப்பலுடன் தாமும் மூழ்க முடிவு செய்த தளபதி தமோன் யமகுச்சியாகத் தோஷிரோ மிபுனே நடித்தார்.

இப்படத்துக்காகத் தோஹோ படப்பிடிப்பு நிலையத்தில் ஒரு பெரிய திறந்தவெளி நீர்க்குளம் வெட்டப்பட்டது. நடிகர்களின் காட்சிகளுக்காகச் சிபா மாகாணத்தின் கட்சூரா கடற்கரையில் கப்பல் மேல்தளத்தின் ஒரு பகுதி உண்மையான அளவிலேயே கட்டப்பட்டது. 1942இல் மறைக்கப்பட்டிருந்த விவரங்கள் இப்போது மறைபொருளாக இல்லை. முன்பு வெற்றியை மட்டுமே காட்ட அனுமதிக்கப்பட்டிருந்த சுபுராயா, இம்முறை தாம் செய்வித்த கப்பல்களின் தளங்களில் தீ மூட்டி, அவற்றின் அழிவைப் படமாக்கினார்.

பின்னர் இக்குளத்தில் பல கடற்போர்ப் படங்களும் காட்சில்லா வரிசைப் படங்களும் எடுக்கப்பட்டன. 2004 ஆம் ஆண்டு அது இடிக்கப்பட்டது.

மாதிரிகளும் நுட்பங்களும்

சிறிய மாதிரி ஒன்று திரையில் பெரிய கப்பலாகத் தோன்ற வேண்டுமானால் வடிவம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதன் அசைவும் மெதுவாக இருக்க வேண்டும். இதற்காகப் படம் வழக்கத்தை விட விரைவாகப் பதிவு செய்யப்பட்டு, இயல்பான வேகத்தில் காட்டப்படுகிறது. மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தின் அளவுக்கு வேகத்தைக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 16இல் 1 பங்கு மாதிரிக்கு நொடிக்கு 24 படச்சட்டங்களுக்கு மாறாக, நான்கு மடங்காக, 96 படச்சட்டங்கள் எடுக்கப்பட வேண்டும்.

தண்ணீரை மட்டும் சிறிதாக்க இயலாது. நீர்த்துளியின் அளவும் நுரையின் அளவும் மாதிரிக்கேற்பக் குறைவதில்லை. எனவே கப்பல் மாதிரி சிறிதாக இருந்தால் அது பொம்மை என்பது எளிதில் புலப்பட்டுவிடும். சுபுராயாவின் மாதிரிக் கப்பல்கள் பல மீட்டர் நீளத்தில் செய்யப்பட்டமைக்கும், அகன்ற குளம் தேவைப்பட்டமைக்கும் இதுவே காரணம். உயரத்திலிருந்து பார்க்கும் காட்சிகளில் அசையாத அலைகளைக் காட்ட, கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைத்த பரப்பைக் கடலாகப் பயன்படுத்தினார். வானூர்திகளைத் தாங்கும் மெல்லிய கம்பிகளை மறைக்க, மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒளிப்பதிவுக் கருவியையும் தலைகீழாக வைத்துப் படம் பிடித்தார். பார்ப்பவர்கள் கம்பியை வானூர்திக்கு மேலேயே தேடுவதால், கீழே தெரியும் கம்பி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பொழுதுபோக்காக ஒட்டிச் சேர்க்கும் நெகிழி மாதிரிகளின் நோக்கம் இதனின்று வேறானது. 1971 ஆம் ஆண்டு சிசுவோகாவைச் சேர்ந்த நான்கு நிறுவனங்கள் தொடங்கிய, நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் காட்டும் போர்க்கப்பல் மாதிரி வரிசை 700இல் 1 பங்கு அளவுடையது. இவ்வளவில் சுமார் 227 மீட்டர் நீளமுள்ள ஹிரியு கப்பல் ஏறத்தாழ 32 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. மேசை மீது வைத்துக் கண்ணால் பார்ப்பதற்கு இது போதுமானது. திரைப்பட மாதிரியோ நீரில் மிதந்து, எரிந்து, மூழ்க வேண்டியதாகும்.

தொலைக்காட்சியும் இறுதிக்காலமும்

1963 ஆம் ஆண்டு சுபுராயா தமது பெயரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1966 ஆம் ஆண்டு சனவரியில் அல்ட்ரா கியூ தொடரையும், சூலையில் அல்ட்ராமேன் தொடரையும் ஒளிபரப்புக்குத் தந்தது. இவை சிறுவர்களிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றன. இதே காலத்தில் திரைப்படப் பணிகளையும் இவர் கைவிடவில்லை. 1968 ஆம் ஆண்டு வெளியான தளபதி யமமோட்டோ பற்றிய படத்தில் மிட்வே சமரை மீண்டும் படமாக்கினார். 1969 ஆம் ஆண்டு வெளியான ஜப்பான் கடற்பெரும்போர், ரஷ்ய-ஜப்பானியப் போரின் சுஷிமா கடற்சமரைக் காட்டுகிறது.

உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் 1970 ஆம் ஆண்டு ஒசாக்காவில் நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சிக்கான படப்பணியில் ஈடுபட்டிருந்தார். 1970 சனவரி 25 அன்று சிசுவோகா மாகாணத்தின் இட்டோ நகரில் இதய நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

நினைவுகள்

இவரது மறைவுக்குப் பின், 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிட்வே என்னும் திரைப்படம் வெளியானது. அதில் ஜப்பானியக் கப்பல்கள் தாக்கப்படும் காட்சிகளுக்குப் பசிபிக்கின் புயல் படத்தின் பகுதிகள் பயன்படுத்தப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கப்பல்களின் படங்களைப் பார்த்து ஜப்பானியக் கப்பலை அமைக்க நேர்ந்த சுபுராயாவின் மாதிரிகளே, பின்னாளில் அமெரிக்கப் படத்தில் ஜப்பானியக் கப்பல்களாக விளங்கியமை குறிப்பிடத்தக்கது.

2019 ஆம் ஆண்டு இவரது பிறந்த ஊரான சுகாகவாவில் இவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சிறப்புக் காட்சிகள் அமைத்த சில திரைப்படங்கள்

ஹவாய் மலாயா கடற்போர் (1942)
பசிபிக்கின் கழுகு (1953)
காட்சில்லா (1954)
பசிபிக்கின் புயல் (1960)
ஜப்பான் கடற்பெரும்போர் (1969)