நாயின் பேச்சைக் கேட்ட ஜிம் கார்பெட்

இரவு ஷிப்ட் முடிந்து ஹட்டோ துறைமுகத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. தெருமுனையில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. ஒருவரைக் கண்டால் குரைக்கிறது. அடுத்தவரைக் கண்டால் வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் சுருண்டு படுத்துக் கொள்கிறது. அது ஏதோ சொல்கிறது. நாம்தான் நின்று கேட்பதில்லை.

பெரிய அந்தமானில் நாய் பழைய குடி அல்ல. 1858-ம் ஆண்டு ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியேற்றத்தை அமைக்கும் வரை, இங்கிருந்த பழங்குடியினர் நாயையே அறியாதவர்கள். குடியேற்றத்தோடு வந்த நாயை அவர்கள் வெகு விரைவில் சொந்தமாக்கிக் கொண்டனர். காட்டுப் பன்றி வேட்டையில் துணைக்கு அழைத்துச் சென்றனர். அவர்களுக்குப் பள்ளிக்கூடமோ பயிற்சிப் புத்தகமோ கிடையாது. நாய் என்ன சொல்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்தே கற்றுக் கொண்டார்கள்.

அதே கலையை நம்பிக் காட்டில் உயிரைப் பணயம் வைத்த ஒருவர் வடநாட்டில் இருந்தார். அவர்தான் ஜிம் கார்பெட்.

தபால் அதிகாரியின் மகன்

இமயமலை அடிவாரத்து நைனிதாலில் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர் தபால் நிலைய அதிகாரி. பெரிய குடும்பம், நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு 6 வயது நிரம்புவதற்குள் தந்தை காலமானார். தாயார்தான் குடும்பத்தைத் தாங்கினார்.

குளிர்காலத்தில் அவர்கள் காலாதூங்கி என்ற ஊரில் வசித்தனர். வீட்டைச் சுற்றிலும் காடு. மான் எதற்காகக் கத்துகிறது, குரங்கு எதைக் கண்டு அலறுகிறது என்பதெல்லாம் சிறுவன் ஜிம்முக்கு அத்துப்படி ஆயிற்று. 6 வயதில் ஒரு நாள், ஆத்திரம் கொண்ட பெண் கரடி ஒன்று அவரையும் 4 வயதுத் தம்பியையும் தாக்க வந்தது. வீட்டு நாய் ராபின் குறுக்கே பாய்ந்து இருவரையும் காப்பாற்றியது. அந்தக் கிழ நாயின் பெயரை அவர் பின்னாளில் மறக்கவில்லை.

ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்

குடும்பத்துக்கு வருமானம் தேவைப்பட்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கார்பெட் சொந்த ஊரை விட்டு ரயில்வே வேலைக்குப் போனார். முதலில் என்ஜின்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை. பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மோகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம். ஒரு ரயிலிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, இன்னொரு ரயிலில் ஏற்ற வேண்டும். கூலித் தொழிலாளரோடு தாமும் வெயிலில் நின்று 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். கப்பல் ஏறிப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

விடுமுறை கிடைத்தால் மலைக்கு ஓடி விடுவார். அங்கே ஆட்கொல்லிப் புலிகளாலும் சிறுத்தைகளாலும் கிராமங்கள் நடுங்கின. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண் புலியை 1907-ல் சுட்டு வீழ்த்தினார். ருத்ரப்பிரயாகையில் யாத்திரீகர்களைக் கலங்க வைத்த சிறுத்தையை 1926-ல் ஒழித்தார். அவர் பெயர் மலை கிராமங்களில் வீட்டுக்கு வீடு பரவியது.

பதினைந்து ரூபாய் நாய்

ஒரு கடுங்குளிர் காலையில் கார்பெட் தற்செயலாக ஒரு தோழியுடன் இருந்தார். தோழி பார்ப்பதற்காக, அழுக்குக் கூடை ஒன்றிலிருந்து 7 நாய்க்குட்டிகளைக் கொட்டினார்கள். ஸ்பானியல் இனம். அவற்றில் மிகவும் மெலிந்த குட்டி, பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்த குட்டி, கார்பெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே சுருண்டு கொண்டது. நாய் வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆனாலும் எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டார். விலை 15 ரூபாய். குளிப்பாட்டி வயிறார உணவு கொடுத்து, ராபின் என்று பெயர் சூட்டினார்.

காட்டில் இருவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. நாயின் மூக்கு அறிவதை மனிதனின் கண் அறியாது. ராபின் நின்று, மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தால் கார்பெட்டும் நிற்பார். அதன் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு எப்படி விறைக்கிறது என்று பார்ப்பார். தம் கண்ணுக்கு எதுவும் புலப்படாவிட்டாலும் நாய் சொல்வதை நம்புவார். நம்பாமல் ஓர் அடி முன்னே வைத்தால், அதுவே கடைசி அடியாக இருக்கலாம். 1930-ம் ஆண்டு குளிர்காலத்தில் பவல்கர் என்னும் இடத்துப் பெரும் புலியைத் தேடிப் போனபோதும் ராபின் அவருடன் இருந்தது.

ஓடிப் போன நாய்

ஒரு முறை காயம்பட்ட சிறுத்தை ஒன்றின் தடத்தை இருவரும் தொடர்ந்தனர். திடீரென்று மிக அருகில் அதன் உறுமல் கேட்டது, உருவம் தெரியவில்லை. கார்பெட்டின் கால்கள் பயத்தில் தரையோடு ஒட்டிக் கொண்டன. ராபின் சத்தமில்லாமல் ஓடி விட்டது.

பிறகு அது திரும்பி வந்தபோது உடல் நடுங்கியது. இன்னொருவராக இருந்தால் உதைத்திருப்பார். கார்பெட் அதைத் தூக்கி அணைத்துக் கொண்டார். உன் மேல் குற்றமில்லை என்று கையாலும் குரலாலும் உணர்த்தினார். ஆபத்து காதில் விழுந்து கண்ணில் படாதபோது, நாய் ஓடுவதும் மனிதன் உறைந்து நிற்பதும் இயற்கை என்று அவர் கருதினார். தாமும் பயந்தவர்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. நடுக்கம் நின்றதும் நாயைக் கீழே விட்டார். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும், ராபின் மறுபடி அவரோடு அந்தத் தடத்தில் நடந்தது.

கார்பெட் அன்று உள்ளுணர்வால் செய்ததை ஆராய்ச்சியாளர் பின்னாளில் சோதித்துப் பார்த்தனர். நாய் தலையைக் குனிந்து, காதை மடக்கி, குற்றவாளி போல் பார்ப்பதைக் கண்டு, செய்த தவறு அதற்குத் தெரிகிறது என்று நாம் எண்ணுகிறோம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. தவறே செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டுகிறது. அது எஜமானரின் கோபத்துக்கு நாய் காட்டும் பதில். எப்போதோ செய்த தவறுக்கு இப்போது அடித்தால், நாய் கற்பது பயம் ஒன்றைத்தான்.

வால் ஆடுவதெல்லாம் நட்பும் அல்ல. உடம்பு தளர்ந்து வால் ஆடினால் நட்பு. உடம்பு விறைத்து, வால் நிமிர்ந்து, பார்வை குத்திட்டு நின்றால் எச்சரிக்கை. தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கி முகத்தைத் திருப்புவதும், என்னை விட்டு விடு என்ற வேண்டுகோள். குழந்தைகள் இதை அறியாமல் கட்டிப் பிடிக்கப் போய்க் கடி வாங்குகின்றனர். கடித்து விட்டால் காயத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றி விட்டால் காப்பாற்றுவது அரிதினும் அரிது.

கடைசிப் பக்கம்

கார்பெட்டின் முதல் பெரிய நூல் 1944-ல் வெளிவந்தது. அதைத் தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்ற பெயரில் தமிழில் தந்தார். ஆட்கொல்லிப் புலிகளின் கதைகளுக்கு நடுவே, ராபினுக்காக ஓர் அத்தியாயத்தையே கார்பெட் ஒதுக்கினார். எழுதத் தொடங்கியபோது ராபினுக்கு 13 வயது நெருங்கிக் கொண்டிருந்தது. எழுதி முடிப்பதற்குள் அது இறந்து விட்டது. 15 ரூபாய்க்கு வாங்கிய நாயை, இந்தியாவின் தங்கம் அத்தனையும் கொடுத்தாலும் விற்கத் துணியாதவர் அவர்.

1947-ல் தம் சகோதரி மேகியுடன் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக்குப் போனார். திருமணம் செய்து கொள்ளவில்லை. 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி நியேரி என்ற ஊரில் காலமானார். 1936-ல் ஏற்படுத்தப்பட்ட இமயமலை அடிவாரத் தேசியப் பூங்காவுக்குப் பிற்பாடு அவர் பெயரே சூட்டப்பட்டது.

துப்பாக்கியால் புகழ் பெற்றவர் கார்பெட். ஆனால், பயந்து திரும்பிய நாயை அடிக்காமல் அணைத்ததால்தான், மீதித் தடத்தில் அதன் மூக்கு அவருக்குத் துணை நின்றது.