ஔவை இல்லம் கண்ட அம்மையார்

தீய வழக்கம் ஒன்றைச் சட்டத்தால் தடுக்கலாம். ஆனால் அவ்வழக்கத்தினின்று விடுபட்டு வெளியே வரும் சிறுமிக்கு உண்ண உணவும், உறங்க இடமும், கற்கப் பள்ளியும், அன்பு காட்ட ஒருவரும் வேண்டும். இவற்றைச் சட்ட நூல் தருவதில்லை. இவ்வுண்மையைத் தம் பட்டறிவால் உணர்ந்து, சட்டமன்றப் பணியோடு குழந்தைகள் இல்லப் பணியையும் மேற்கொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார். இளையோர் நலனில் தொண்டு நிறுவனங்களுக்குள்ள பங்கினை விளக்க அவர்தம் வாழ்வே போதிய சான்றாகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் தொடக்கக் கல்வியைத் தாண்டுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர அவர் விரும்பினார். எதிர்ப்பு எழுந்தது. எனினும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்பதையும், தம் தொண்டுக்குத் தடை நேரலாகாது என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டார்.

1926இல் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். தொடர்ந்து அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியப் பெண்மணிகளுள் இப்பதவியை முதன்முதலில் வகித்தவர் அவரே. குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவு, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், ஒடுக்கப்பட்ட குலத்து மாணவியர்க்கு உதவித்தொகை எனப் பலவற்றுக்கும் அவர் குரல் கொடுத்தார். முஸ்லிம் மாணவியர்க்குத் தனி விடுதி அமையவும் பாடுபட்டார் என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது. விடுதியில் இடம் கிடைத்தால்தான் வெளியூர்ப் பெண்ணுக்குக் கல்வி கிட்டும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

அவர் மேற்கொண்ட பணிகளுள் தலையாயது, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து நடத்திய போராட்டமாகும். கோயில் ஊழியத்துக்காக மானிய நிலம் பெற்றிருந்த பெண்கள் அவ்வூழியத்தினின்று விடுபட்டு, நிலத்தைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள 1929ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. அடுத்துப் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். பழமை விரும்பிகள் மட்டுமன்றித் தேவதாசியர் பலரும் அதனை எதிர்த்தனர். தங்கள் கலையும் பிழைப்பும் என்னாகும் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அது புறந்தள்ளத்தக்க வினாவன்று. பழைய வாழ்வு பறிபோனபின் புதிய வாழ்வு எங்கே என்னும் கேள்விக்குச் சட்டத்தின் பிரிவுகளில் விடையில்லை.

அக்கேள்வியே 1930இல் அம்மையாரின் வீட்டு வாயிலுக்கு வந்து நின்றது. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் சிலர், அவ்வாழ்வு வேண்டாமென்று உதறிவிட்டுச் சென்னைக்கு வந்தனர். அவர்கள் பிறப்பைக் காரணங்காட்டி விடுதிகள் இடம் மறுத்தன. மேடைதோறும் சீர்திருத்தம் முழங்கிய நகரில் அப்பெண்களுக்கு ஓரிரவு தங்க இடமில்லை! அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். கல்வியாலும் அறிவாலும் உயர்ந்த தமிழ் மூதாட்டியின் பெயரை, ஆதரவற்ற சிறுமியர் வாழும் இல்லத்துக்குச் சூட்டியது பொருத்தமே.

அவ்வாண்டிலேயே காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அவர் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் கிடந்தது. பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல்தான். இடைப்பட்ட காலம் 17 ஆண்டுகள். 1930இல் எட்டு வயதாயிருந்த சிறுமிக்கு 1947இல் இருபத்தைந்து வயது! சட்டம் காத்திருக்கலாம், குழந்தைப் பருவம் காத்திராது. அந்த இடைவெளியைத் தன்னாலியன்ற அளவில் நிரப்பியது அச்சிறிய இல்லமே. பின்னாளில் அது அடையாற்றில் நிலைபெற்று, பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. குலமோ சமயமோ நோக்காது ஆதரவற்ற சிறுமியரை ஏற்றது. சோறு மட்டும் இட்டு அனுப்பாமல், சொந்தக் காலில் நிற்கும் தொழிலையும் அவர்க்குக் கற்பித்தது. இரக்கத்தால் தொடங்கும் பணி, பிறர் இரக்கம் தேவைப்படாத மனிதரை உருவாக்கி முடிய வேண்டும் என்பதே அதன் நெறியாயிற்று.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரமும் அவரிடம் தொண்டாகவே மாறியது. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 81ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்று குழந்தைகளைக் காக்கச் சட்டங்களுக்குக் குறைவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012இலும், இளைஞர் நீதிச் சட்டம் 2015இலும் இயற்றப்பட்டன. ஆயினும், இரவில் கதவைத் தட்டும் குழந்தைக்குக் கதவைத் திறக்க ஒரு மனிதர் வேண்டும். அநாதையைப் பேணுதல் இஸ்லாம் பெரிதும் வலியுறுத்தும் கடமை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிறக்கும் முன்னர்த் தந்தையையும், இளமையிலேயே தாயையும் இழந்து வளர்ந்தவர்கள். இக்கல்லூரியில் பயிலும் நாம், நம் தெருவில் பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுவனை, ஒரு சிறுமியைக் கண்டறிந்து கைகொடுப்போமாயின், அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.