4 நாளில் தவறிய கனவு! செயற்கைக்கோளுக்காக மல்லுக்கட்டிய பெக்கோரா

ராக்கெட் கிளம்ப 4 நாள்தான் பாக்கி. அதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

அவர் பெயர் வில்லியம் பெக்கோரா. பூமியை விண்ணில் இருந்து படம் பிடிக்க ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றவர்.

1913-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். பையன் பிரின்ஸ்டனில் படித்தான். வாள் சண்டையில் படு கெட்டிக்காரன். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வாள் பிடித்தான்!

கல்லும் மண்ணும்

1939-ல் அமெரிக்க புவியியல் ஆய்வு இலாகாவில் சேர்ந்தார். 2-வது உலகப்போர் சமயம் பிரேசிலுக்கு போய் கனிமம் தேடினார். 1965-ல் அதே இலாகாவுக்கு டைரக்டர் ஆனார்.

மலை மலையாக அலைந்த மனுஷனுக்குத்தானே தெரியும், ஒரு நாட்டை அளப்பது எத்தனை வருஷ வேலை என்று! மேலே இருந்து பார்த்தால் காடு, பயிர், வெள்ளம், பாறை எல்லாம் ஒரே படத்தில் தெரியுமே என்பது அவர் கணக்கு.

பட்ஜெட் அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். விமானத்தில் படம் எடுத்தால் போதாதா, இதற்கு எதற்கு காசு என்றார்கள். நாசாவும் அவசரம் காட்டவில்லை.

பெக்கோரா சும்மா விடவில்லை. இலாகா மந்திரி ஸ்டூவர்ட் உடாலை தன் பக்கம் இழுத்தார். 1966 செப்டம்பரில் உடால் திடீர் என்று திட்டத்தை பகிரங்கமாக அறிவித்துவிட்டார். நாசாவுக்கு தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பின்வாங்க முடியுமா?

ராக்கெட் சீறியது

1972 ஜூலை 19-ந்தேதி வாஷிங்டனில் பெக்கோரா காலமானார். வயது 59.

ஜூலை 23-ந்தேதி கலிபோர்னியாவில் வாண்டன்பர்க் தளத்தில் இருந்து டெல்டா ராக்கெட் சீறிப் பாய்ந்தது. சுமார் 900 கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் சுற்றத் தொடங்கியது. 18 நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தை மறுபடி பார்த்தது.

இதில் ஒரு கூத்து. பெரிதாக நம்பிய டெலிவிஷன் காமிரா, மின்கோளாறால் சில வாரத்தில் நின்றுபோனது. சோதனைக்காக ஏற்றிய ஸ்கேனர் கருவியோ வெளுத்துக் கட்டியது. ஒரு வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது, 1978 ஜனவரி வரை உழைத்தது. 3 லட்சத்துக்கு மேல் படங்கள்!

அதுதான் லேண்ட்சாட்-1. அந்தப் பெயர் வந்தது 1975-ல்.

1974-ல் பெக்கோரா பெயரில் ஒரு விருது ஏற்படுத்தினார்கள். அதை சேர்ந்து கொடுப்பவர்கள் யார் தெரியுமா? அவர் வேலை பார்த்த இலாகாவும், அன்றைக்கு தயங்கி நின்ற நாசாவும்தான்.