இரட்சணியக் கவிஞர் எச். ஏ. கிருட்டிண பிள்ளை

பொருநை பாயும் நெல்லைச் சீமை சமயந்தோறும் ஒரு பெருங்கவிஞரைத் தமிழுக்கு ஈந்த மண்ணாகும். எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பயிலும் நம் மாணவர்கள், அதே வட்டாரத்தில் பின்னாளில் தோன்றிய கிறித்தவக் கவிஞர் ஒருவரையும் அறிந்திருத்தல் வேண்டும். அவரே ஹென்றி ஆல்பிரட் கிருட்டிண பிள்ளை.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இராம கதை நாள்தோறும் ஓதப்பெற்ற அவ்வில்லத்திலேயே மைந்தரின் செவிக்குக் கம்பரின் சந்தம் பழகிவிட்டது. இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தேர்ந்த இளைஞர், 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச் சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பணிக்கு அவரைத் தெரிந்தெடுத்தவர் கால்டுவெல் என்பர்.

சாயர்புரத்துக்குச் சென்றபோது அவர் உறுதி மிக்க வைணவர். பாதிரிமார் தந்த ஊதியத்தைப் பெற்றாரேயன்றி அவர்தம் சமயத்தைப் பொருட்படுத்தினாரல்லர். ஆயினும் அவர்க்கு நெருங்கியவர்கள் ஒவ்வொருவராக அச்சமயத்தைத் தழுவினர். உடன்பிறந்தார் முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவர்க்கு முன்னரே கிறித்தவராயினர். உள்ளத்தில் நெடுநாள் போராட்டம் நிகழ்ந்தது. முடிவில், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். பிறந்த மண்ணைவிட்டு அத்துணைத் தொலைவு சென்று அதனைப் பெற்றமைக்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. குலத்தையும் சுற்றத்தையும் ஒருங்கே இழக்கும் நிலை அக்காலத்து மதமாற்றத்தோடு உடன்வந்தது. பிற்காலத்தில் தம் மனமாற்றத்தின் வரலாற்றைத் தாமே எழுதியும் வைத்தார்.

சென்னையில் பெர்சிவல் ஐயரின் தினவர்த்தமானி இதழில் சில காலம் பணிபுரிந்தார். பின்னர்ச் சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் ஆசிரியப் பணி. இப்பகுதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழாசிரியர்தம் வாழ்வு அன்றும் இன்றும் பெரிதும் ஒன்றே.

மதம் மாறிய புலவர் தாம் கற்ற இலக்கியத்தை என் செய்வார்? கம்பரையும் ஆழ்வார்களையும் மறந்துவிடுவதா? இவ்வினா அவர் வாழ்வின் மையம் என்று கூறலாம். அவர் எதனையும் மறந்தாரல்லர். ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையை முதலாகக் கொண்டு இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை யாத்தார். பாளையங்கோட்டையினின்று வெளிவந்த நற்போதகம் இதழில் அது பல ஆண்டுகள் தொடர்ந்து வெளியாயிற்று. 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய எனப் பருவங்கள் ஐந்து. பாடல்கள் 3,700க்கும் மேல். பனியனின் உரைநடை எளிய குடிமக்களின் பேச்சை ஒட்டியது. நம் கவிஞரோ அதற்கு நாட்டுவளமும் நகர்வளமும் சேர்த்துக் காப்பியக் கோலம் பூட்டினார். மூலத்தில் இல்லாத இயேசுபெருமானின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். அப்பகுதியே நூலின் உச்சம் என்பது எம் கருத்து. கிறித்தவக் கம்பர் என்னும் பெயர் அவர்க்கு வாய்த்தது இக்காப்பியத்தால்.

இவ்விடத்தில் உமறுப் புலவரை நினையாதிருத்தல் அரிது. அரபு நாட்டு வரலாற்றைப் பாட வந்த அவரும் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்துத் தமிழ் மருதத்தை அங்கே தழைக்கச் செய்தார். இருவர்க்கும் சமயம் வேறு. கவிதை இலக்கணம் கற்ற பள்ளி ஒன்று. உமறுவுக்குச் சீதக்காதி போன்ற வள்ளல்களின் ஆதரவு இருந்தது. கிருட்டிண பிள்ளையோ மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியர்.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். வடசொல் மிகுந்த அக்காப்பிய நடை, சிற்றூர்த் திருச்சபைகளில் கூடிய எளிய மக்களுக்கு எட்டவில்லை. அவர்களிடம் கவிஞரைக் கொண்டு சேர்த்தவை அவருடைய துதிப்பாடல்களேயாம். காப்பியத்தினுள்ளேயே தேவாரம் என்னும் பெயரால் 144 இசைப்பாடல்களை இடையிடையே அமைத்தார். 1899இல் இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப்பாடல் தொகுதியும் வெளிவந்தது. மேலைநாட்டு மெட்டுக்கு இசையத் தமிழ்ச் சொற்களை அடைத்த மொழிபெயர்ப்புப் பாடல்கள் மிகுந்திருந்த காலம் அது. அவற்றில் சொல் ஒருபுறமும் ஓசை ஒருபுறமும் இழுக்கும். கிருட்டிண பிள்ளையின் பாடல்களிலோ அம்முரண் இல்லை. நாயன்மாரும் ஆழ்வார்களும் கையாண்ட பதிக மரபில், தம் சிறுமையை எண்ணி நைந்து, இறைவனின் அருளையே பற்றுக்கோடாகக் கொள்ளும் குரல் அவற்றில் ஒலிக்கின்றது. எழுத்தறியாத முதியோரும் கேள்வியாலேயே அவற்றை மனப்பாடம் செய்தனர். தமிழ்க் கிறித்தவ ஆலயங்களில் இன்றளவும் அவை பாடப்பெறுகின்றன. பாடுவோருள் பலர் இயற்றியவர் பெயரை அறியார்.

இரட்சணியக் குறள் முதலிய நூல்களும் அவர் எழுதியவை. மனோகரம் வெளிவந்த மறு ஆண்டு, 1900 பிப்ரவரி 3ஆம் நாள், தம் 72ஆம் அகவையில் அவர் மறைந்தார்.