மாயூரத்து முன்சீப்

நம் ஊரப்பாக்கம் நிலையத்தில் நில்லாமல் விரைந்து செல்லும் தெற்கத்தி ரயில்களை நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் சில விழுப்புரத்தில் பிரிந்து, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக மயிலாடுதுறைக்குப் போகின்றன. முன்னாளில் அவ்வூருக்கு மாயூரம் என்று பெயர். பேச்சு வழக்கில் மாயவரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கத்தோலிக்கப் பெரியவர் முன்சீப்பாக இருந்தார். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று தேர்வுக்காக ஒரு வரியில் அவரைப் படித்து விட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தோழியரே, ஒரு வரிக்குள் அடங்கக் கூடியவர் அல்லர் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. முதற்கல்வி தந்தையாரிடமே. பிறகு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். இருபத்திரண்டாம் வயதில் கிடைத்தது திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் வேலை. தூசு படிந்த கட்டுகளைப் பிரிப்பதும் அடுக்குவதும் கேட்ட தாளை எடுத்துக் கொடுப்பதும் சலிப்பூட்டும் தொழில்தான். அவரோ அந்தத் தாள்களைப் படித்தே சட்டம் அறிந்தார் போலும்! இரண்டே ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் பதவி கிடைத்தது. பின்னர் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் பணியாற்றினார்.

பதவி உயர்ந்தவுடன் பழைய பாட்டை மறப்பவர் பலர். இவர் மறக்கவில்லை. ஆங்கிலம் அறியாத ஏழை வழக்காளி, தன் வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது என்று விளங்காமல் தவிப்பதைக் கண்டவர் அல்லவா? 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக வெளியிட்டார். அலுவலுக்கு மேல் இந்த உழைப்பு! நீதிநூல் என்னும் செய்யுள் நூலையும் அந்நாட்களிலேயே எழுதினார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அதில் அவர் விட்டுவைக்கவில்லை.

இவருடைய நட்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்காலத் தமிழ்ப் புலவர்களில் தலைசிறந்தவர்; திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான்; நீறணிந்த சைவர்; இவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ துறவி போல் வாழ்ந்த இசைப் புலவர். இருவரும் மாயூரத்தில் வசித்த நாட்களில் முன்சீப்புக்கு உற்ற நண்பர்கள். மகாவித்துவானுக்குச் சங்கீதம் அவ்வளவாகப் பிடிக்காது. தம் மாணவர் சாமிநாதையர், அதாவது நம் உ.வே.சா., பாரதியாரிடம் பாட்டுக் கற்றது தெரிந்தபோது அவர் மகிழவில்லை. இப்படி வெவ்வேறு திசையில் நின்ற இருவரையும் ஒருங்கே நேசிக்க வேதநாயகரால் முடிந்தது. ஊரே எழுந்து நிற்கும் நீதிபதி, புலவர்களுக்கு முன் தம்மை மாணவராகவே எண்ணிக் கொண்டார். இந்தக் கிறிஸ்தவ நண்பரையே பாட்டுடைத் தலைவராக்கி, குளத்துக் கோவை என்று ஒரு கோவை நூலையே பாடினார் மகாவித்துவான். அரசருக்கும் தெய்வத்துக்கும் பாடும் நூல்வகை கோவை என்பதைத் தமிழாசிரியையிடம் கேட்டால் சொல்வார்கள்.

வேதநாயகர் 1872இல் பதவியினின்று ஓய்வு பெற்றார். பிறகு மாயூரம் நகரசபையின் தலைவராகவும் இருந்தார்.

1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். சம்பளம் நின்று போன முதியவர், கையிலிருப்பதைக் காத்துக் கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வேதநாயகரோ கதவைத் திறந்து வைத்தார். பசித்து வந்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். உழைத்துச் சேர்த்த பொருளெல்லாம் அதில் கரைந்தது. அது கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றி ஒரு கீர்த்தனை பாடினார் என்பர். நந்தனாரைப் பாடிய அந்த நாவு, சாதாரணமாக மனிதரைப் பாட எழும் நாவன்று. வேதநாயகர் தம் புகழை வளர்க்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து தாம் பாடல்கள் எழுதினார்! கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடாதிபதியைப் பாடியதை அன்று யாரும் விந்தையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

பஞ்சத்தின் அந்த ஆண்டிலேயே, 1878இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எந்தச் சமயத்தவரும் பாடத் தக்க பாடல்கள் அதில் உள்ளன; இன்றும் கச்சேரி மேடைகளில் சிலவற்றைக் கேட்கலாம்.

மறு ஆண்டு, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம். நாம் பெண்கள் என்பதால் அதில் வரும் ஞானாம்பாளை மறக்கக் கூடாது. ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டின் அரசராகவே வீற்றிருந்து நீதி வழங்குகிறாள் அவள்; கணவனைவிடக் கெட்டிக்காரி. பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், 1869இலேயே பெண்மதி மாலை எழுதிப் பெண் கல்விக்காக வாதாடியவருக்கு இப்படி ஒரு நாயகியைப் படைப்பது கடினமாக இருந்திராது. நகைச்சுவைக்காக மட்டும் படித்தாலும் நூல் இனிக்கும். நம் நூலகத்தில் இருக்கிறதா என்று அருட்சகோதரியிடம் கேட்டுப் பாருங்கள்.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகர் இறைவனடி சேர்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1940இல், முதுமையில் இருந்த உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். மாயூரத்தில் மாணவனாக இருந்த நாட்களை நினைவுகூர்ந்தபோது, தம் ஆசிரியரின் அருகில் அந்தக் கிறிஸ்தவ முன்சீப்பையும் அன்போடு இருத்தி வைத்தார்.